மூன்றாவது மீன்

யாஸ்மின் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமனார் உமர் பாருக்கின் வலது கை முழங்கை வரை மீன் தொட்டிக்குள் இருந்தது. பில்டரின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. ஜும்மா தொழுகை முடிந்து வந்தவர், தலையில் கட்டிய கைக்குட்டையைக்கூட அவிழ்க்காமல் இந்த வேலையில் இறங்கியிருந்தார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கைப்பையைச் சோபாவில் எறிந்தாள்.

உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அவள் வாங்கிய தொட்டி அது. நீந்துகிற உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்து வேடிக்கை பார்ப்பது என்ன பவுசு என்று அன்றே முகம் சுளித்தவர் மாமனார். பில்டர் உறிஞ்சுகிற வாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மீன்கள் அடுத்தடுத்துச் செத்ததும் தீர்ப்பே எழுதிவிட்டார். மூன்றாவது மீன் செத்தால், அன்றைக்கே தொட்டி வீட்டை விட்டுப் போகும்.

அந்த மூன்றாவது யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குட்டி மஞ்சள் மீன் ஒன்று, எதைக் கண்டாலும் மூக்கை நுழைக்கும். அதற்கு சிஐடி என்று பெயர் வைத்திருந்தாள். பில்டர் வாய் என்றால் அதற்குத் தனிப் பிரியம்.

அந்த வாயை மூடுகிற பஞ்சு உறை தேனிக் கடையில் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமைதான் வருமாம். பில்டரை நிறுத்தினால் தண்ணீர் கெட்டுவிடும், ஓடவிட்டால் சிஐடிக்கு ஆபத்து. இரண்டு நாளாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

"கைய எடுங்க மாமா."

"செத்த பொறு."

அவள் மீன்களை எண்ணினாள். ஏழு இருக்க வேண்டும், ஆறுதான் இருந்தது. மஞ்சளைக் காணோம். பொம்மைக் கோட்டைக்குப் பின்னால், பில்டர் இருக்கிற மூலையில்தான் மாமனாரின் கை எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து மாமியார் சாபிராவின் புலம்பல் வேறு. மனுசன் காலையிலும் தொட்டிக்குள்தான் கையை விட்டுக்கொண்டிருந்தாராம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனாராம், நாலு பேர் என்ன நினைப்பார்களாம். யாஸ்மினுக்கு அதெல்லாம் காதோடு சரி.

"செத்துருச்சா? அதத்தேன் தேடுறீகளா?" என்றாள். அவர் நிமிரவில்லை. அவளுக்கு அடக்க முடியவில்லை.

"தொட்டி போகாது மாமா. ஏழும் செத்தாலும் வெறுந் தண்ணிய ஊத்தி இங்கனயே வப்பேன். நான் இந்த வீட்டு ஆளுன்னா, என் சம்பளத்துல வாங்குனதும் இந்த வீட்டுலதேன் இருக்கும். உங்க மகனே வந்து சொன்னாலும் இதேன் பதிலு."

அந்த வீட்டில் உமர் பாருக்கை எதிர்த்து யாரும் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.  பேசியதில் ஒரு சொல்லைக்கூட யாஸ்மின் திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை.

அவர் கையை வெளியே எடுத்து, கைலியில் துடைத்துவிட்டு, பிளக்கைச் செருகினார். பில்டர் உறுமியது.

கோட்டைக்குப் பின்னாலிருந்து சிஐடி வந்தது. உயிரோடுதான் இருந்தது. வந்த வேகத்தில் நேராக பில்டர் வாய்க்கே போனது. யாஸ்மின் தொட்டியருகே குனிந்தாள்.

அங்கே வெள்ளையாக இருந்த எதன் மீதோ முட்டியது, வழுக்கியது, மறுபடியும் முட்டியது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல வாலை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனது.

"மீன அடச்சு வக்கிறது தப்புன்னு இப்பவும் சொல்லுவேன்," என்றார் உமர் பாருக், முறைப்புக் குறையாமல். "ரப்பர் பேண்டு நழுவாம இருந்தா திங்கக்கெழம வரைக்கும் தாங்கும்."

யாஸ்மின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி அந்த வெள்ளையைப் பார்த்தாள். அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மோட்டாரு வாயில மாட்டியிருக்கது உன் மாமி பின்னுன தொப்பி, அவகிட்ட சொல்லிராத."