நகர்ந்தால் அழிக்கலாம்

"நகர்வதை அழிக்கலாம். நகராததை அழிக்கக் கூடாது."

அவள் மேசைக்கு மேலே புரோக்கர் தன் கையாலேயே எழுதி ஒட்டிய சட்டம் அது. வீடு விற்கும் விளம்பரங்களுக்குப் படம் திருத்துவது அவள் வேலை. வாளி, செருப்பு, துணிக்கொடியை எல்லாம் அழிக்கலாம். சுவரில் விரிசல் இருந்தால் அது இருந்தே ஆக வேண்டும். வாங்குகிறவரை ஏமாற்றக் கூடாது.

காலி வீடு என்று அன்று வந்த படங்களைத் திறந்தாள். கூடத்தில் ஒரு பெரியவர். படுக்கையறையிலும் அவரே. குளியலறைக் கண்ணாடியிலும் அதே முகம், அவளையே முறைத்தது.

புரோக்கருக்குப் போன் போட்டாள். "சார், காலி வீடுன்னுதானே சொன்னீங்க?"

"காலி வீடுதான்மா."

"ஒவ்வொரு ரூம்லயும் ஒருத்தர் நிக்கிறாரே!"

புரோக்கரின் குரல் தாழ்ந்தது. "அதெல்லாம் கேக்காதே. அவரை அழிச்சிடு."

ஒவ்வொரு படத்திலும் அவரை அழித்தாள். கண்ணாடியில் அந்த முகம் மறையும்வரை மூச்சே விடவில்லை.

விளம்பரம் வெளியான மறுநாள் அலுவலகத்தில் அவள் மட்டும் இருந்தாள். கதவு திறந்தது. அதே முகம், அதே முறைப்பு. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

அவர் தன் போனை நீட்டினார். "இதுல நான் எங்கம்மா?"

"நீங்க... யாரு?"

அவர் சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தை நிதானமாகப் படித்தார்.

"அப்புறம் என்னை எப்படி அழிச்சே? நான் அந்த வீட்ல வாடகைக்கு இருக்கிறவன். பதினோரு வருஷமா காலி பண்ணச் சொல்றாங்க. நகர்ந்தேனா?"