சென்னிநாயகம்

உரசுகல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கருப்புக் கட்டியை வைத்து இழைத்தாள்.

சென்னிநாயகம். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி எடுக்கிற கட்டி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். முலைக்காம்பில் தடவினால் எந்தப் பிள்ளையும் பால்குடி மறந்துவிடும். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

யப்பா! குடலைப் பிடுங்குகிற கசப்பு.

இதையா பெற்ற பிள்ளையின் வாயில் வைக்கப் போகிறாள்?

வேறு வழி? விமானம் சனிக்கிழமை. கையில் இருப்பது அறுபது நாள் விசிட் விசா. அதற்குள் ஷார்ஜாவில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் போன வழியே திரும்ப வேண்டியதுதான்.

லைசன்ஸ் பரீட்சை தேறியாகிவிட்டது. சர்டிபிகேட்டெல்லாம் அட்டெஸ்ட் பண்ணியாகிவிட்டது. இன்டர்வியூவில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் உருப்போட்டாகிவிட்டது.

பாக்கி இது ஒன்றுதான். ஒரு மாதமாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதும் இதைத்தான்.

அங்கே தங்க இடம் தருகிற லில்லி அக்கா போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"பிள்ளைக்குப் பால் மறக்கடிச்சிட்டு வா மக்கா. இங்க வந்து நெஞ்சு கட்டிக்கிட்டு, சட்டை நனைய நின்னா எவன் வேலை தருவான்? ரெண்டு நாளு கெடந்து அழும். மூணாம் நாளு மறந்துரும், கேட்டியா."

தடவிக்கொண்டாள். காயும்வரை மின்விசிறிக்கு அடியில் நின்றாள்.

மத்தியானத் தூக்கத்துக்கு நேரம் ஆகிவிட்டது. அபிஷா தள்ளாடித் தள்ளாடி வந்தாள். ஒன்றரை வயது. தெரிந்த வார்த்தை பத்துகூடத் தேறாது. ஆனால் 'பாச்சி' என்று கேட்கத் தெரியும் கள்ளிக்கு.

"பாச்சி."

மடியில் ஏறினாள். உரிமையோடு வாய் வைத்தாள்.

முகம் கோணியது. உடம்பு ஒரு தடவை உதறியது. துப்பினாள்.

அழப்போகிறாள், ஊரையே கூட்டப்போகிறாள் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அபிஷா அழவில்லை.

கருப்பு அப்பியிருந்த இடத்தையே பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே கண் கலங்கியிருந்தது.

"ம்மா உவ்வா?"

குனிந்து, கன்னம் உப்ப, அந்த இடத்தில் ஊதினாள். பிள்ளைகளுக்கு முட்டி சிராய்த்தால் ஊதிவிடுகிறோமே, அப்படி.

பிறகு கீழே இறங்கிப் பாயில் படுத்து, கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு தானாகத் தூங்கிப்போனாள்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அடித்திருந்தால், கடித்திருந்தால் தாங்கியிருப்பாள். பாவி, இப்படிச் செய்கிறாளே.

மறுநாளும் அபிஷா வந்தாள். குடிக்க அல்ல. பார்த்தாள், ஊதினாள், விளையாடப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் நெஞ்சு கல்லாகிவிட்டது. தொட முடியவில்லை. பிழிந்து வாஷ்பேசினில் விட்டாள். வெள்ளையாக ஓடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் குழாயைத் திறந்துவிட்டாள்.

அடி முட்டாளே, யாரிடம் கேட்டு இதைச் செய்தாய்? இன்னும் நாலு நாள் இருந்ததே. அந்த நாலு நாளும் கொடுத்திருக்கலாமே.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்பு இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

ஒரே ஒரு தடவை. லில்லி அக்காவுக்குத் தெரியவா போகிறது? சனிக்கிழமைக்குள் மறுபடி மறக்கடித்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் போகட்டும், ஷார்ஜாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

அவளுடைய புருஷன் சஜின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, நடு அறையில் துண்டை விரித்து மல்லாந்திருந்தான். அவனைத் தாண்டிப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

"வா மக்களே. பாச்சி குடி."

அபிஷா விளையாட்டை விட்டுவிட்டு உடனே வந்தாள். அந்த வேகத்தைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

மடியில் ஏறினாள். பார்த்தாள்.

கருப்பு இல்லை.

"உவ்வா போச்சு மோளே. பாரு, ஒண்ணுமில்ல. குடி."

அபிஷா எச்சில் விழுங்கினாள். அம்மாவுக்கு அது தெரிந்தது. அத்தனை பக்கத்தில் இருந்தாள் பிள்ளை. பால் மணம் பட்டுச் சின்ன வாய் ஒரு தடவை தானாகத் திறந்தது.

திறந்த வாயை மூடிக்கொண்டு, அம்மாவின் கண்ணைத்தான் பார்த்தாள். அது இன்றைக்கும் கலங்கித்தான் இருந்தது.

ஊதினாள். இரண்டு கையாலும் நைட்டியை இழுத்து மூடினாள். உள்ளங்கையால் மெல்ல, மெல்ல, தட்டிக்கொடுத்தாள்.

பிறகு இறங்கிப் போய், அப்பாவின் வயிற்றில் ஏறிக் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

சஜின் பிள்ளையின் முதுகைத் தடவியபடி, தூக்கம் கலையாத குரலில் சிரித்தான்.

"பாத்தியா, மறந்துட்டா. இனி நீ நிம்மதியாப் போலாம்."

பிள்ளை இழுத்து மூடிய இடத்தில் நைட்டி நனைந்துகொண்டிருந்தது.