இரண்டு விரல் உயரம்

அந்தப் பழைய ஜெர்மன் காரை அவன் தன் கையாலேயே ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்தியிருந்தான். ஒரே வாரத்தில் அதன் முன்பக்கம் இரண்டு விரல் உயர்ந்துவிட்டது. மறுபடி இறக்கினான், மறுபடி ஏறியது.

"ஸ்பிரிங் தளர்ந்தா வண்டி இறங்கும் சார். ஏறி நான் பார்த்ததில்ல" என்று மெக்கானிக்கும் தலையைச் சொறிந்தார்.

மண்டை காய்ந்துபோன அவன், ஒருநாள் அலுவலகத்திலிருந்து பஸ் பிடித்துச் சீக்கிரமே வீடு திரும்பினான். கார் ஜாக்கியில் நின்றது. முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி.

"நீயா? எதுக்கு?"

"முட்டி வலியோட மாமாவால அவ்வளவு தாழ்வான சீட்டுலேர்ந்து எழுந்திருக்க முடியல. இனிமே ஆஸ்பத்திரிக்கே வரலைன்னுட்டார்."

"அப்பா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னார். நானும் சொன்னேன். அப்பல்லாம் நீங்க காருக்கு அடியில இருந்தீங்க."

அவன் கழற்றி வைத்திருந்த சக்கரத்தைப் பார்த்தான். "இந்த வேலையெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

"நீங்கதான். சாப்பிட உட்கார்ந்தா வேற எதைப் பத்திப் பேசறீங்க?"

ஸ்பேனரை அவனிடம் நீட்டினாள். "பின்பக்கம் இறுகிக் கிடக்கு. என்னால அசைக்க முடியல."

அவன் அதை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "எவ்வளவு தூக்கணும்?"

"அதை உங்கப்பாகிட்டயே கேளுங்க. உள்ளதான் இருக்கார்."