மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஒரு சண்டை

"கண்ணைத் துடைச்சிட்டு நல்லாப் பாருங்க அத்தை. இது சுரப்பி செல்லுல வந்த புற்றுநோய்."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இது தட்டைச் செல்லுல வந்தது. உனக்கெல்லாம் யாரு டாக்டர் பட்டம் குடுத்தா?"

பரிசோதனைக் கூடத்தின் பாதி திறந்த கதவு வழியாக வந்த சத்தம், வெளியே பெஞ்சில் காத்திருந்தவளை எழுந்து நிற்க வைத்தது. கர்ப்பப்பை வாயில் கட்டி. சதை எடுத்து அனுப்பியதிலிருந்து அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. என்ன வகை என்று தெரிந்தால்தான் வைத்தியமே தொடங்கும்.

"உள்ளே யாரு?" என்று ரிசப்ஷன் பெண்ணிடம் கேட்டாள்.

"ரெண்டு பேருமே டாக்டருங்க. மாமியாரும் மருமகளும். தினமும் இதே கூத்துதான் மேடம். இப்ப உங்க ஸ்லைடு மாட்டியிருக்கு."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "இவங்க வீட்டுச் சண்டைக்கு என் சதைதான் கிடைச்சுதா?"

"டாக்டருங்களைப் பகைச்சுக்காதேம்மா" என்று கையைப் பிடித்தான் புருஷன். அவன் பயம் அவனுக்கு. கையை உதறிவிட்டு, விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே சத்தம் அடங்கியிருந்தது. மாமியாரின் மைக்ராஸ்கோப்பில் மருமகளும், மருமகளின் மைக்ராஸ்கோப்பில் மாமியாரும் குனிந்திருந்தார்கள்.

"அத்தை, நீங்க சொன்னதும் சரிதான்."

"நீ சொன்னதும் சரிதான்டி."

நிமிர்ந்த மாமியார் அவளைப் பார்த்தார். "இது உங்க ஸ்லைடுதானா? உக்காருங்க. ஒரே சதையில வேற வேற இடத்துல சீவி, ஆளுக்கொண்ணா தனித்தனியாப் பார்ப்போம். உங்க கட்டியில ரெண்டு வகையும் கலந்திருக்கு. அபூர்வமா வர்றது. ஒருத்தர் மட்டும் பார்த்து எழுதியிருந்தா இன்னொண்ணு நழுவியிருக்கும். இனி ரெண்டையும் மனசுல வச்சு வைத்தியம் பண்ணுவாங்க. கட்டி சின்னது, ஸ்கேன்ல வேற எங்கேயும் பரவலை. நல்லா குணமாக வாய்ப்பிருக்கு."

திட்ட வந்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. வாசலில் நின்ற புருஷன் அவளை முந்திக்கொண்டு அழுதான். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

மனசு லேசானதும் நாக்கு சும்மா இருக்குமா?

"தப்பா நினைக்காதீங்க டாக்டர். இப்படிச் சண்டை போட்டுக்கிட்டு ஒரே வீட்டுல எப்படிக் குடித்தனம் பண்றீங்க?"

"வீட்டுலயா?" மருமகள் சிரித்தாள். "அங்க அத்தை பேச்சுக்கு நான் மறுபேச்சே பேசினதில்லைங்க. எல்லாத்துக்கும் 'சரிங்க அத்தை'தான்."

"எனக்கு அதுதான் பயம்" என்றார் மாமியார், அடுத்த ஸ்லைடை மாட்டிக்கொண்டே. "அந்த 'சரிங்க அத்தை' இந்த ரூமுக்குள்ள வந்துச்சுன்னா, அன்னைக்கு வீட்டுல உனக்கு என் கையால சாப்பாடு கிடையாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."