கழுத்து மடிப்பில் சிவப்பு

தகப்பன் நாகமணி கவிழ்த்த பவுடர் டின்னின் மூடி கழன்று விழ, தொட்டில் வெண்புகையாகிறது. கைக்குழந்தை இருமுகிறாள். கரைவலை இழுத்துக் காய்த்த கையால் அவர் புகையை விசிறுகிறார். முகத்தில் பவுடர் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரிக்க ஏலாது. மகளின் கழுத்து மடிப்பில் சிவப்பைக் கண்டதும் அம்மை, அம்மாள் வருத்தமென்று தானே தீர்ப்புச் சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, குளிப்பாட்டுவதை நிறுத்தி, சித்திரை வெக்கையில் கம்பளியும் சுற்றிவிட்டவர் அவர். பிள்ளை பார்க்க வந்த மருத்துவிச்சி றஹ்மா கம்பளியை உருவுகிறாள். ஈரத்துணியால் பவுடரைத் துடைத்து, பழைய பருத்தித் துண்டால் மடிப்பு மடிப்பாக ஒற்றுகிறாள். யன்னலால் சல்லிக் கிராமத்துக் கடற்காற்று வந்து வேப்பிலையை அசைக்கிறது.

“அம்மாளோ, மிஸி?”

துண்டு அக்குளுக்குப் போகிறது.

“பிள்ளை தப்புமோ?”

றஹ்மா நிமிர்கிறாள்.

“அம்மாள் இல்லை, அண்ணை. வேர்வை. குளிப்பாட்டுங்கோ, ஒத்திக் காயவிடுங்கோ, காத்துப் படட்டும். பவுடர் பிள்ளையின்ர நெஞ்சுக்குள்ள போகும், வேண்டாம். உங்கட மூஞ்சியில கிடக்கிறதே போதும்.”