மூடியின் உட்பக்கம்

சத்தத்தை முதலில் கேட்டது என்னோடு வேலைபார்த்த கிறிஸ்பின் என்பவனா, நானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் துணைமின் நிலையத்தில் மின்சாரம் வாயு நிரப்பிய உலோகக் குழாய்களுக்குள் ஓடும். அன்று காலை உள்ளே எங்கோ மின்பொறி வெடித்து ஊர் முழுக்க மின்சாரம் போனது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு மாலை வரைதான் டீசல்.

அந்தக் குழாய்கள் தனித்தனி அறைகளாக அடைக்கப்பட்டவை; ஒவ்வொரு அறையின் வாயுவையும் சோதித்தோம். மூன்றாவது அறையில்தான் பழுது. கிறிஸ்பின் பழக்கதோஷத்தில் அதன்மேல் உள்ளிருக்கும் சத்தத்தைக் கேட்கும் கருவியை வைத்தான்.

"அண்ணே, உள்ள யாரோ தட்டுறாங்க."

தலைமைப் பொறியாளர் எலாடியோ ஐஸ் மிதக்கும் தெரெரே என்ற மூலிகைப் பானத்தை உறிஞ்சியபடி சிரித்தார். "கரண்டே இல்லாத குழாய்ல சத்தமா? காதக் கழுவிட்டு வாடா. உன்ன வேலைக்கு எடுத்தவன உதைக்கணும்."

வாயுவை வெளியேற்றி, பளுதூக்கியால் மூடியைத் தூக்கினோம். காலையில் வெடித்த பொறியால் உண்டான வெள்ளைத் தூள் எங்கும் படிந்திருந்தது. மூடியின் உட்பக்கத்தில், அந்தத் தூளில், ஒரு கை பதிந்திருந்தது. தொழிற்சாலையில் மூடியபின் அந்த அறையை யாரும் திறந்ததில்லை.

"எவன்டா கைய வச்சது? துப்புக்கெட்ட பசங்களா!" என்ற எலாடியோ, தானே துணியெடுத்துத் துடைத்தார். தெரெரேயின் ஐஸ் கரைந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கருகிய பாகத்தை மாற்றி மாலைக்குள் மின்சாரம் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிறிஸ்பின் இந்த வேலையை விட்டு இப்போது தலைநகர் அசுன்சியோனில் பஸ் ஓட்டுகிறான். எலாடியோ ஓய்வுபெற்று நலமாக இருக்கிறார். அவர் பதவியில் இப்போது நான். மூன்றாவது அறையைப் பற்றி எவனாவது பேச்செடுத்தால், ஏளனமாகச் சிரித்து அனுப்பிவிடுகிறேன்.