அப்பாவின் கார்ட்

“அப்பா, இப்ப ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். ஆறு இலக்கம். பாத்து வாசியுங்கோ.”

மேசையில் லப்டொப்பை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள் றொஷேல். இந்த வேலைக்காகவே மன்னாரிலிருந்து ஸ்கூட்டியில் தாழ்வுபாட்டிலுள்ள அப்பாவின் வீட்டுக்கு வந்திருந்தாள்.

கதிரையில் சாய்ந்திருந்த பஸ்ரியன் ஆறுதலாக ஃபோனை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். அதை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். பிறகு வாசலால் எட்டிப் பார்த்தார்.

“கழுதையள் திரும்பவும் முருங்கைக்குக் கிட்ட வந்திட்டுது, பிள்ளை.”

“வந்தால் நிக்கட்டும். நம்பரைச் சொல்லுங்கோ. பத்து நிமிசம் போனால் அது செல்லாது.”

“நாலு... ஏழு... ரெண்டு... ஏழு... ஒண்டு... ஆறு.”

தட்டினாள். பிழை என்றது திரை.

“இது மூண்டாந்தரம், அப்பா! ஒன்பதை ஆறு எண்டுறீங்கள், ஆறை எட்டு எண்டுறீங்கள். முப்பது வருசம் றோட்டில கிலோமீற்றர் கல்லு நட்ட ஆளுக்கு இலக்கம் தெரியாதோ?”

“கல்லில எழுத்துப் பெரிசு.”

றொஷேலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் மனுசன் கதையை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவார்.

வீதித் திணைக்களத்தில் தார் ஊற்றி ஓய்வு பெற்றவர் பஸ்ரியன். பென்சன்காரர் என்று பாங்கில் ஒரு கிரெடிட் கார்ட் கொடுத்திருந்தார்கள். மகன் டிலோஜன் வீட்டில் இருந்த காலத்தில் அதைத்தான் தன்னுடைய கிளவுட் கணக்கில் போட்டிருந்தான். கடைக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது அவன் தொழில். அவையெல்லாம் ஓடுவது வெளிநாட்டில் எங்கோ இருக்கும் வாடகைக் கணினிகளில். எவ்வளவு ஓடியதோ அவ்வளவுக்கு மாதக் கடைசியில் கார்ட்டில் காசு வெட்டுவார்கள்.

பஸ்ரியன் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி எடுத்துக் கொடுத்த அரசாங்கக் கச்சேரி வேலையை ஒருநாள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, டிலோஜன் கொழும்புக்குப் பஸ் ஏறினான். அன்றைக்கு அவர் சொன்னது ஒரே ஒரு வசனம். “இனி அவன்ர கதை இந்த வீட்டில எடுக்கப்படாது.”

இரண்டு வருடமாகிவிட்டது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அழுதோ சண்டை பிடித்தோ இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருப்பாள். றொஷேலுக்கு அந்தத் துணிவில்லை. கார்ட்டில் வெட்டுகிற காசை அண்ணன் சதம் பிசகாமல் அவளுக்கு அனுப்புவான். அவள் அதை அப்பாவின் கணக்கில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான்.

“கொழும்பு ஆள் இப்ப தன்ர பேரில கார்ட் எடுத்து அதில போட்டிட்டார். உங்கடதைக் கழட்டினால் சரி. அப்பாவுக்கு இனியும் கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டு நிக்கிறார். கணக்குத் திறக்கேக்க உங்கட ஃபோன் நம்பரைக் குடுத்த படியால், நீங்கள் நம்பர் சொன்னால்தான் அது கழரும்.”

“அதுக்கு இப்ப என்ன அவசரம்? அடுத்த மாசம் பாப்பமே.”

“போன மாசமும் இதைத்தானே சொன்னீங்கள்.”

“ஒரு மூலையில கிடந்திட்டுப் போகட்டும். அது உன்னட்டச் சோறு கேக்குதோ, தண்ணி கேக்குதோ?”

“நல்ல கதை! இல்லாட்டிக் கழட்டக்கூடாது எண்டு நேர சொல்லுங்கோ. நான் போய்ப் பிள்ளைக்குச் சமைக்கலாம்.”

பஸ்ரியன் முற்றத்துக் கழுதைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

றொஷேலுக்குப் பொறுமை விட்டுப்போனது. இரண்டு வருடம் மூடிய வாய் திறந்துகொண்டது.

“ஆளை வீட்டை விட்டுக் கலைச்சீங்கள். கயித்தை மட்டும் கையில பிடிச்சு வைச்சிருக்கிறீங்கள். என்ர கார்ட் இல்லாட்டி நீ ஆரடா எண்டு ஒருநாளைக்குக் கேக்கலாம் எண்டோ? போதும், அப்பா. அவிட்டு விடுங்கோ.”

சொன்ன பிறகுதான் அதிகம் சொல்லிவிட்டோமோ என்று பயந்தாள். பஸ்ரியன் கோபப்படவில்லை. ஃபோனை அவளிடம் நீட்டினார்.

“இந்தா. நீயே பாத்துச் செய்.”

புதிதாக ஒரு நம்பர் எடுத்து அவளே தட்டினாள். நிச்சயமாகக் கழற்றவா என்று திரை கேட்டது. ஓம் என்று அமத்தினாள். பஸ்ரியனின் பேர் அந்தப் பக்கத்திலிருந்து மறைந்துபோனது.

“முடிஞ்சுது!” அவளுக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஃபோனைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் திரையைப் பார்த்து நின்றாள். “இதென்ன, ரெண்டு வருசத்துப் பாங்க் மெசேஜ் எல்லாம் அப்பிடியே கிடக்குது? ஃபோன் நிரம்பி வழியுது. அழிச்சு விடட்டோ?”

“கையை எடு!”

அன்று முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. ஃபோனை வாங்கி இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இனி அந்த மெசேஜ் எனக்கு வராதோ, பிள்ளை?”

“வராது. ஒரு சதமும் வெட்டமாட்டினம். சந்தோசம்தானே?”

பஸ்ரியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு மெசேஜாகத் தள்ளினார். இப்போது ஒரு இலக்கமும் அவருக்குப் பிழைக்கவில்லை.

“மே மாசம் நாலு டொலர்தான் வெட்டினவங்கள். பொடியன்ர கையில வேலை இல்லையெண்டு விளங்கி, மடு மாதா கோயிலுக்கு நடந்து போனனான். ஓகஸ்டில பதினாறு, ஆரோ புதுசா வேலை குடுத்திருக்கினம். போன மாசம் நாப்பத்தொண்டு... அண்டைக்குத்தான் பிள்ளை, நான் நித்திரை கொண்டனான்.”